பறக்குமுன் பார்க்க வேண்டியவை
(விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியலும் அதில் நேரும் பிழைகளும் – ஓர் ஆய்வு)

முன்னுரை

பறவையைக் கண்டு தானும் பறக்க விரும்பினான் மனிதன். 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் அவ்விருப்பத்தை நிறைவேற்றிக் காட்டினர். அன்று முதல் முயற்சியில் 12 விநாடிகள் மட்டுமே காற்றில் நின்ற விமானம், இன்று ஓர் இரவிற்குள் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டுகிறது. நூற்றுக்கணக்கான மக்கள் அதில் அமர்ந்து உண்கின்றனர், உறங்குகின்றனர்.

விமானத்தில் ஆபத்து என்றவுடன் நம் மனம் வானத்தையே நினைக்கும். இடி, மின்னல், புயல், மலைமுகடு ஆகியவையே கண்முன் நிற்கும். ஆனால் விபத்துகளின் வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்க்கு வேறோர் உண்மை புலப்படும். பல விபத்துகளின் விதை வானில் அன்று, தரையில் ஊன்றப்பட்டது. சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுவதற்கு முன்பே, விமானி அறையில் பார்க்க வேண்டிய ஒரு பொருள் பார்க்கப்படாமற் போயிருக்கிறது. போட வேண்டிய ஒரு சுவிட்சு போடப்படாமல் இருந்திருக்கிறது. அதைச் செய்யத் தவறியவர்களோ அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழி இங்கு முற்றிலும் பொருந்துகிறது.

யானை ஏன் சறுக்குகிறது? சறுக்காமல் தடுக்க அறிவியல் கண்ட வழி என்ன? அவ்வழியும் சில வேளைகளில் ஏன் பயன்படாமற் போகிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியல் பிறந்த கதை

1935-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தின் ரைட் பீல்டு விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' என்னும் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழுந்தது. நான்கு இயந்திரங்கள் கொண்ட அவ்விமானம் அக்காலத்தில் பெரும் வியப்பாகக் கருதப்பட்டது. எழுந்த சில நொடிகளில் அது மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாக ஏறியது. பின்னர்ச் சாய்ந்து வீழ்ந்து தீப்பற்றியது. அதனை ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில் என்பவரும், போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி லெஸ்லி டவர் என்பவரும் உயிரிழந்தனர்.

இயந்திரத்தில் குற்றமில்லை என்று ஆய்வு கூறியது. நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் வால் தகடுகள் காற்றில் ஆடி அடிபடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. பறக்குமுன் அப்பூட்டைத் திறக்க வேண்டும். அன்று அது திறக்கப்படவில்லை. நாட்டின் தேர்ந்த விமானிகளுள் ஒருவர் கையில் இருந்தும், ஒரு பூட்டு ஒரு விமானத்தையே வீழ்த்திவிட்டது.

'ஒரு மனிதன் ஓட்ட முடியாத அளவு பெரிய விமானம் இது' என்று சிலர் கூறினர். ஆனால் அதனை ஓட்டிப் பழகிய விமானிகள் வேறு முடிவுக்கு வந்தனர். விமானிக்கு மேலும் பயிற்சி தருவதால் மட்டும் இது தீராது, நினைவை மட்டும் நம்பும் முறையே தவறு என்பதே அம்முடிவு. எனவே எழுவதற்கு முன், பறக்கும்போது, இறங்குவதற்கு முன், இறங்கிய பின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டியவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டனர். அதே விமானம்தான் பின்னர் 'பி-17' என்னும் பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு இரண்டாம் உலகப் போரில் பறந்தது. சரிபார்ப்புப் பட்டியல் என்னும் எளிய கருவி இவ்வாறு பிறந்தது.

தரையில் நடக்கும் வேலைகள்

பயணிகள் இருக்கையில் அமர்ந்து வார்ப்பட்டையை மாட்டிக்கொள்ளும் நேரத்தில், விமானி அறையில் நடக்கும் வேலை மிகுதி. எரிபொருளின் அளவைப் பார்க்க வேண்டும். பயணிகள், சரக்கு ஆகியவற்றின் எடைக் கணக்குத் தாளைப் பெற வேண்டும். அதைக் கொண்டு எழும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி பெற வேண்டும். பின்னர் இழுவண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும், இயந்திரங்கள் உயிர்பெறும், விமானம் ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் செல்லும். இவ்வொவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பட்டியல் உண்டு.

பட்டியலைப் பயன்படுத்தும் முறை இருவகைப்படும். முதல் வகையில், ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செயலைச் செய்வர். இரண்டாம் வகையில், விமானி முதலில் தாம் பழகிய வரிசையில் எல்லாச் செயல்களையும் நினைவிலிருந்து செய்து முடிப்பார். அதன்பின் ஒருவர் பட்டியலில் உள்ள பொருளைக் கூப்பிடுவார். மற்றவர் அக்கருவியைக் கண்ணால் பார்த்து அதன் நிலையைக் கூறுவார். பயணி விமானங்களில் அன்றாடம் நடக்கும் பணிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகையே வழக்கில் உள்ளது. இதில் நினைவு முதல் வலை. பட்டியல் இரண்டாம் வலை. முதல் வலையில் நழுவிய மீன் இரண்டாம் வலையில் அகப்பட வேண்டும் என்பதே இதன் தத்துவம். இரண்டு வலைகளும் ஒரே இடத்தில் கிழிந்திருக்கும்போதுதான் விபத்து நேர்கிறது.

இறக்கை மடிப்பின் இயற்பியல்

தரையில் மறக்கப்படும் பொருள்களுள் மிகக் கொடிய விளைவைத் தருவது 'பிளாப்' எனப்படும் இறக்கை மடிப்பாகும். இதன் காரணத்தை இயற்பியல் மாணவர் எளிதில் உணர்வர்.

இறக்கை தரும் ஏற்றுவிசை நான்கு காரணிகளைப் பொறுத்தது. அவை காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, இறக்கையின் வளைவையும் சாய்வையும் பொறுத்த ஒரு குணகம் ஆகியன. வேகம் 10 விழுக்காடு கூடினால் ஏற்றுவிசை 21 விழுக்காடு கூடும். எனவே உயரத்தில் விரைந்து பறக்கும்போது மெல்லிய, வளைவு குறைந்த இறக்கையே போதும். ஆனால் தரையிலிருந்து எழும்போது வேகம் குறைவு. அவ்வேளையில் பரப்பையும் வளைவையும் கூட்டினால்தான் எடையைத் தாங்க முடியும். அதற்காகவே இறக்கையின் பின்விளிம்பில் பிளாப்புகளும் முன்விளிம்பில் 'சிலாட்' என்னும் தகடுகளும் வெளியே நீட்டப்படுகின்றன.

வெப்பமும் இக்கணக்கில் சேரும். ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 15 டிகிரியில் உள்ள காற்றைவிட, நம் சேலம் சமவெளியின் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ள காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அன்று விமானம் அதே எடையுடன் எழ மேலும் வேகம் வேண்டும். இவற்றையெல்லாம் கணக்கிட்டே பிளாப்பின் அளவும் எழும் வேகமும் குறிக்கப்படுகின்றன. பிளாப்பை நீட்டாமல் அதே வேகத்தில் மூக்கை நிமிர்த்தினால் இறக்கை எடையைத் தாங்காது, விமானம் வீழும். கணக்கு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

உலகம் கண்ட விபத்துகள்

1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் ஒன்று எழுந்த உடனே வீழ்ந்தது. அதில் இருந்த 155 பேரில் 154 பேரும், தரையில் இருந்த 2 பேரும் மாண்டனர். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டுமே பிழைத்தது. பிளாப்புகளும் சிலாட்டுகளும் நீட்டப்படவில்லை என்றும், ஊர்ந்து செல்லும்போது படிக்க வேண்டிய பட்டியலை விமானிகள் படிக்கவே இல்லை என்றும் ஆய்வு கண்டறிந்தது. காற்று மாறியதால் வேறு ஓடுபாதைக்குச் செல்லும்படி கோபுரம் கூறியிருந்தது. அந்தப் பரபரப்பில் பட்டியல் நழுவிற்று. தவறைக் கண்டால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கும் அன்று மின்சாரம் செல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 1988 ஆகஸ்டு 31-ஆம் நாள், டல்லாஸ் நகரில் டெல்டா நிறுவன விமானம் இதே காரணத்தால் வீழ்ந்து 14 பேர் இறந்தனர். இங்குப் பட்டியல் படிக்கப்பட்டது. 'பிளாப்?' என்ற கேள்விக்கு 'பதினைந்து' என்ற விடையும் குரல் பதிவுக் கருவியில் கேட்டது. ஆனால் பிளாப் பதினைந்தில் இல்லை. வாய் விடை கூறியது, கண் பார்க்கவில்லை. முறை வரும்வரை காத்திருந்த நீண்ட நேரத்தில் விமானிகள் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சில் ஈடுபட்டிருந்ததும் அப்பதிவில் வெளிப்பட்டது.

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் ஸ்பான்ஏர் நிறுவன விமானம் வீழ்ந்ததில் 172 பேரில் 154 பேர் உயிரிழந்தனர். அவ்விமானம் ஒருமுறை ஓடுபாதை வரை சென்று, வெளிவெப்பம் அளக்கும் கருவி ஒன்றில் கோளாறு கண்டு திரும்பி வந்தது. பழுது பார்ப்பவர்கள் வந்தனர், நேரம் கடந்தது, வெயில் ஏறியது. மீண்டும் புறப்படும்போது, பட்டியலில் பிளாப் என்னும் பொருள் வரவேண்டிய நேரத்தில், கோபுரத்திடம் ஊர்ந்து செல்ல அனுமதி கேட்கும்படி தலைமை விமானி கூறினார். பட்டியல் அங்கேயே அறுந்தது. இறுதிச் சரிபார்ப்பிலோ துணை விமானி, இருக்க வேண்டிய எண்ணைப் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். இருந்த நிலையைப் பார்த்துக் கூறவில்லை. இங்கும் எச்சரிக்கை ஒலி எழவில்லை.

டெட்ராய்ட், டல்லாஸ், மாட்ரிட் ஆகிய மூன்றையும் ஒப்பு நோக்குக. முதலாவதில் பட்டியல் படிக்கப்படவில்லை. இரண்டாவதில் படித்தும் பார்க்கப்படவில்லை. மூன்றாவதில் பாதியில் அறுந்து, பின்னர் ஒப்பிக்கப்பட்டது. பட்டியல் தோற்கும் மூன்று வழிகளும் இவற்றில் அடங்கிவிடுகின்றன.

நம் நாட்டு நிகழ்ச்சிகள்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நாம் எண்ணிவிடலாகாது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் காலை, மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் புறப்பட்டது. ஏறிக்கொண்டிருக்கும்போதே பயணிகளுக்குக் காதுவலியும் தலைவலியும் கண்டன. சுமார் 30 பேருக்கு மூக்கிலோ காதிலோ இரத்தம் கசிந்தது. மேலிருந்து பிராண வாயு முகமூடிகள் தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பி இறங்கியது. விமானத்திற்குள் காற்றழுத்தத்தை நிலைநிறுத்தும் சுவிட்சைப் போட விமானிகள் மறந்துவிட்டனர் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அறிவித்தது.

இதன் இயக்கத்தைச் சிறிது விளக்குவோம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறும்போதே நமக்குக் காது அடைக்கிறது. மலை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரந்தான். விமானமோ 11,000 மீட்டர் வரை செல்கிறது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. அங்கு மனிதன் ஒரு நிமிடத்திற்குள் அறிவு மயங்குவான். ஆகவே இயந்திரத்தின் அழுத்தியிலிருந்து சூடான காற்றை எடுத்துக் குளிர்வித்துப் பயணிகள் அறைக்குள் செலுத்துகின்றனர். அதனால் உள்ளே இருப்பவர்க்குச் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பது போன்ற நிலையே ஏற்படும். இயந்திரக் காற்றைத் திறந்துவிடும் சுவிட்சு, தரையிலேயே பார்க்க வேண்டிய பொருள்களுள் ஒன்று. எழுந்த பின் படிக்கும் பட்டியலிலும் அது மீண்டும் வரும். அன்று இருமுறையும் அது கண்ணில் படவில்லை.

அன்று முகமூடிகள் தொங்கின, விமானிகள் விழித்துக்கொண்டனர், உயிர்ச்சேதம் இல்லை. அவ்வாறு விழித்துக்கொள்ளாவிடில் என்ன ஆகும் என்பதற்கு 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் நடந்த ஹீலியோஸ் நிறுவன விமான விபத்து சான்றாகும். சைப்ரஸ் தீவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிச் சென்ற அவ்விமானத்தில், புறப்படுவதற்கு முன் பழுது பார்த்தவர்கள் அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகைக் கைமுறை நிலையிலேயே விட்டிருந்தனர். அடுத்தடுத்த பட்டியல்களில் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எச்சரிக்கை ஒலி எழுந்தபோது, அதே ஒலிதான் எழும்பும் நிலைக்குரிய கோளாற்றையும் அறிவிப்பதாகையால், விமானிகள் அதனைத் தவறாகப் புரிந்துகொண்டனர். சிறிது நேரத்தில் அவர்கள் உணர்விழந்தனர். விமானம் தானியங்கியின் துணையால் பறந்து, எரிபொருள் தீர்ந்ததும் வீழ்ந்தது. 121 பேரும் இறந்தனர். மும்பைக்கும் ஏதென்சுக்கும் இடையே இருந்த வேறுபாடு சில நிமிட விழிப்பேயன்றி வேறில்லை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மும்பை விமான நிலையத்தில் நடந்தது தரைப்பணியின் மற்றொரு கொடுமை. ஐதராபாத்திற்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா விமானம் பின்னுக்குத் தள்ளப்பட்டு நின்றது. தரைப்பணியாளர் விலகிவிட்டார், வழி தடையில்லை என்னும் இறுதிச் சைகையை உறுதிசெய்யாமலே விமானம் நகர்த்தப்பட்டது. அருகில் நின்ற பணியாளர் ஒருவர் இயந்திரத்திற்குள் இழுக்கப்பட்டு மாண்டார். நம் ஊர்ப் பஸ்கூடக் கண்டக்டர் விசில் கொடுக்காமல் நகர்வதில்லை. அந்த விசில் சாதாரணமானதன்று. ஓர் உயிருக்குக் காவல் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நமக்கு மிக அண்மையில், நாமக்கல், முசிறி வழியே நாம் சென்றுவரும் திருச்சியில் நடந்ததையும் கூற வேண்டும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, 130 பயணிகளுடனும் 6 பணியாளர்களுடனும் துபாய்க்கு எழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதையின் முடிவில் இருந்த வழிகாட்டும் அலைக்கம்பக் கருவியையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு சென்றது. ஓடுபாதையில் விரையும்போது தலைமை விமானியின் இருக்கையின் சாய்மானம் திடீரெனப் பின்னால் சரிந்தது. அப்போது உந்துவிசைக் கைப்பிடியும் அவரறியாமல் பின்னுக்கு இழுக்கப்பட்டது; இயந்திரச் சுழற்சி அளவு 98 விழுக்காட்டிலிருந்து 77 விழுக்காட்டிற்கு இறங்கியது. இருவரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வயிற்றுப்பகுதி கிழிந்த நிலையிலும் கருவிகள் யாவும் சரியாகக் காட்டியதால் பயணம் தொடர்ந்தது. பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டு அதிகாலையில் நலமாக இறங்கியது.

இதனை முழுமையான பட்டியல் பிழை என்று கூற முடியாது. இருக்கையின் கோளாறு தொடக்கம், கவனியாமை முடிவு. எனினும் ஒருவர் தடுமாறும்போது மற்றவர் கருவியைப் பார்த்து உரக்கக் கூற வேண்டும் என்னும் நெறியே பட்டியலின் உயிர்நாடி. அந்த உயிர்நாடி ஒரு கணம் நின்றால் என்ன நேரும் என்பதைத் திருச்சியின் சுற்றுச்சுவர் காட்டிவிட்டது. சுவரின் உயரம் சிறிது கூடியிருந்தால் நாம் இன்று இதனை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

பிழைகள் ஏன் நேர்கின்றன?

1990-ஆம் ஆண்டு அசாப் டெகானி, ஏர்ல் வீனர் ஆகிய இருவரும் நாசா நிறுவனத்தின் சார்பில் விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியலை விரிவாக ஆராய்ந்தனர். அவர்களும் பிறரும் கண்ட உண்மைகளையும், மேற்கூறிய நிகழ்ச்சிகளையும் வைத்து நோக்கினால் காரணங்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது இடையூறு. பட்டியலின் ஐந்தாம் வரியில் இருக்கும்போது கோபுரம் கூப்பிடுகிறது. அல்லது கதவைத் தட்டி ஒருவர் தாளில் கையொப்பம் கேட்கிறார். திரும்பி வரும்போது மனம் ஏழாம் வரியில் தொடங்கிவிடுகிறது. செய்ய நினைத்ததையே செய்ததாக மனம் பதிவு செய்துகொள்கிறது.

இரண்டாவது பழக்கம். ஒரே பொருளை ஆயிரம் முறை சரியான நிலையில் கண்ட கண், ஆயிரத்தோராம் முறை தவறான நிலையில் இருந்தாலும் சரியாகவே காணும். நாம் பார்ப்பது பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதையே. அனுபவம் மிகுந்தோர்க்கே இப்பிழை மிகுதியாக நேரும் என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவது அவசரம். புறப்பாடு தாமதமானால் பயணிகள் முணுமுணுப்பர். நிறுவனம் கணக்குக் கேட்கும். இழந்த பத்து நிமிடத்தை முழுவதும் மீட்க வானில் வழி குறைவு. தரையில் சுருக்குவதே எளிது. சுருக்கப்படுவது பட்டியலாகிவிடுகிறது.

நான்காவது பொருந்தாப் பேச்சு. இதற்கு டல்லாஸ் சான்று.

ஐந்தாவது தயக்கம். இது நம் நாட்டவர் சிறப்பாக எண்ண வேண்டியது. தலைமை விமானி மூத்தவர். துணை விமானி இளையவர். மூத்தவர் ஒன்றைத் தவறவிட்டதை இளையவர் கண்டாலும், 'சார், பட்டியல் இன்னும் முடியவில்லை' என்று கூற நா எழுவதில்லை. மரியாதை நல்ல பண்பே. ஆனால் உண்மையைக் கூறாமல் விழுங்குவது மரியாதையாகாது. விமானி அறையில் இரண்டு இருக்கைகள் இருப்பது ஒருவர் தவறை மற்றவர் திருத்துவதற்காகவே. திருத்தத் தயங்கினால் இரண்டாம் இருக்கை வெற்றிருக்கையே.

தடுக்கும் வழிகள்

இக்காரணங்களுக்கு ஏற்ப வழிகளும் காணப்பட்டுள்ளன. 1981-ஆம் ஆண்டு அமெரிக்க விமான ஆட்சித்துறை ஒரு விதி வகுத்தது. தரையில் ஊரும்போதும், எழும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழ்ப் பறக்கும்போதும் பணிக்குத் தேவையற்ற பேச்சோ செயலோ கூடாது என்பதே அவ்விதி. இது பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியது.

பட்டியல் இடையில் அறுந்தால் விட்ட இடத்தை ஊகித்துத் தொடராமல், ஐயமிருப்பின் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிந்ததும் 'பட்டியல் நிறைவுற்றது' என்று உரக்கக் கூற வேண்டும். அவ்வாறு கூறாதவரை அது முடியாததே. உயிருக்கு இன்றியமையாத பொருள்களைப் பட்டியலின் தொடக்கத்தில் வைப்பதும் நன்று. பட்டியல் நீண்டால் வாய் மட்டும் ஓடும். ஆகவே அது சுருக்கமாக இருத்தல் வேண்டும். 1995-ஆம் ஆண்டு பணிக்கு வந்த போயிங் 777 விமானத்தில் மின்னணுத் திரையில் தோன்றும் பட்டியல் உண்டு. விமானியின் சொல்லை மட்டும் நம்பாமல், பல பொருள்களின் உண்மை நிலையைத் தானே உணர்ந்து குறியிடும் திறன் அதற்கு உண்டு.

கையால் சுட்டி, வாயால் கூறும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சைகை விளக்கை விரலால் சுட்டி, அதன் நிறத்தை உரக்கக் கூறுவர். அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ஆம் ஆண்டு நடத்திய சோதனையில், ஒன்றும் செய்யாதபோது நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டியும் கூறியும் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது. நம் ராசிபுரம் வழியே செல்லும் ரயிலிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சைகை விளக்கின் நிறத்தை ஒருவருக்கொருவர் கூறிக்கொள்கின்றனர். கண், கை, வாய், செவி நான்கும் ஒரே பொருளில் கூடும்போது மனம் தப்பியோட இடமில்லை.

இறுதியாக, தண்டனையைப் பற்றி ஒரு சொல். தவறு செய்தவரைப் பணியிலிருந்து நீக்கினால் தவறு நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பொறுப்பற்றவரைத் தண்டிப்பது வேண்டற்பாலதே. ஆனால் மறதி என்பது ஒழுக்கக்கேடு அன்று. அது மனித மூளையின் இயல்பு. தண்டனைக்கு அஞ்சி ஒருவர் தம் சிறு பிழையை மறைத்தால், அதே பிழை நாளை மற்றொருவர் கையில் பெருவிபத்தாகும். எனவேதான் விமானிகள் தம் பிழைகளை அச்சமின்றித் தெரிவிக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உள்ளது. மறைத்த பிழை விதை. வெளிப்பட்ட பிழை பாடம்.

நமக்கு இதில் என்ன?

'நாம் விமானிகள் அல்லவே' என்று நண்பர்கள் கேட்கலாம். பட்டியலின் பயன் விமானத்தோடு நிற்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2008-ஆம் ஆண்டு அறுவை மருத்துவத்திற்கென 19 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த உறுப்பு, பஞ்சும் கருவிகளும் எண்ணப்பட்டனவா என்பன போன்ற எளிய வினாக்களே அதில் உள்ளன. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைப் பயன்படுத்தியதன் முடிவு 2009-ஆம் ஆண்டு வெளிவந்தது. அறுவைக்குப் பின் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. புதிய மருந்து இல்லை. புதிய கருவி இல்லை. ஒரு தாள் மட்டுமே.

நம் வட்டாரத்து வாழ்விலும் இவ்வறிவு இல்லாமல் இல்லை. நாமக்கல் லாரி ஓட்டுநர் நெடும்பயணம் புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வருவார். டயர்களை இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பார். தார்ப்பாயின் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பின்னால் நிற்கும் கிளீனரின் குரல் கேட்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுக்கமாட்டார். அவர் எந்த நாசா ஆய்வையும் படித்தவரல்லர். ஆயினும் நினைவை நம்பாமல் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்தவர். நம் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர்கள் வலியுறுத்துவதும் இதே நெறிதான். சுழிப்பிழையைக் காணாதவனின் கணக்கு முழுவதும் சரியாக இருக்கும். விடை மட்டும் தவறாக இருக்கும். பிளாப்பை மறந்த விமானியும் ஓடுபாதையில் மற்றெல்லாவற்றையும் சரியாகவே செய்தார் என்பதை நினைவிற் கொள்க.

'பட்டியலைப் பார்த்துச் செய்வது அறிவு குறைந்தோர் வழக்கம்' என்பார் கூற்று பொருந்தாது. அறிவு குறைந்தவனுக்குப் பட்டியல் பயன்படாது. அதில் உள்ள சொல்லின் பொருளே அவனுக்கு விளங்காது. அறிந்தவன் அறிந்ததை அந்தக் கணத்தில் மறவாமல் இருக்கவே பட்டியல் ஏற்பட்டது. அதே வேளையில் பட்டியலே போதும் என்பதும் தவறு. பொருள் உணராமல் ஓதினால் அது சடங்காகும். டல்லாசில் ஓதப்பட்டது சடங்கே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பறப்பின் பாதுகாப்பு தரையிலேயே தொடங்குகிறது என்பதும், பெருந்திறமை உடையோரும் சிறு பொருளை மறத்தல் இயல்பு என்பதும், அதனைத் தடுக்கச் சரிபார்ப்புப் பட்டியல் சிறந்த கருவி என்பதும், கண்ணால் பாராது வாயால் மட்டும் படிக்கப்படும் பட்டியல் பயனற்றது என்பதும், இளையவர் அஞ்சாமல் கூறவும் மூத்தவர் சினவாமல் கேட்கவும் பழகினாலன்றி அக்கருவி முழுப்பயன் தராது என்பதும் தெளிவாகின்றன.

மாணவ நண்பர்களே! நம்மில் சிலர் நாளை மருந்து கலக்கலாம். சிலர் மின்நிலையத்தில் பணிபுரியலாம். சிலர் வாகனம் செலுத்தலாம். சிலர் காமலாபுரத்து ஓடுபாதையிலிருந்து விமானத்தையே எழுப்பலாம். எப்பணியை மேற்கொண்டாலும் நம்மை நம்பிப் பிறர் உறங்குவர் என்பதை மறவாதிருப்போம். தெரிந்ததுதானே என்று தாண்டிச் செல்லாமல், ஒருமுறை நின்று, பார்த்து, வாய்விட்டுக் கூறிப் பின்னர்ச் செயலில் இறங்குவோமாக.